காட்டேரிக்கு ரத்தம் பார்த்தவள்

அமிர்தவல்லி யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். கண்ணழகை ரசிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து, உள்பக்கம் சிவந்திருக்கிறதா, வெளிறிக் கிடக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு, கேட்காமலேயே தீர்ப்பும் சொல்லிவிடுவாள். முப்பத்திரண்டு வருடமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன் வேலை. கை சும்மா இருக்காது.

மகன் சேரனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அந்தக் கை சும்மா இருக்கவில்லை. காபித் தட்டோடு வந்து நின்ற அறிவுமதியின் இமையைச் சபை நடுவே இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் கம்மியா இருக்கு தாயி. முருங்கக்கீரை நெறையச் சாப்பிடு" என்றாள். பெண்ணின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே போய்விட்டார். போச்சு, சம்பந்தம் போச்சு என்று அமிர்தவல்லியின் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஒன்றும் போகவில்லை. எந்த மாமியார் என் ஒடம்பைப் பத்திக் கேக்கப் போறா, இந்த வீட்டுக்கே போறேன் என்று அறிவுமதியே நின்று சாதித்துவிட்டாள்.

சுற்றுப்பட்டுச் சிறுசுகள் அமிர்தவல்லிக்கு வைத்த பட்டப்பெயர் ரத்தக்காட்டேரி. பள்ளிக்கூட வாசலில் அவள் ஸ்கூட்டி வந்து நின்றால் போதும், "ஏய், காட்டேரி வருதுடா!" என்று கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவளுக்குக் கோபம் வராது. "ஆமாடா, காட்டேரிதான். விரல நீட்டு" என்று வெளியே இழுத்து வந்து குத்துவாள்.

அப்பேர்ப்பட்டவள் இந்த மே மாதம் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற நிலைமைக்கு வந்திருந்தாள்.

விஷயம் இதுதான். ஜனவரியில் வேப்பங்குடிப்பட்டியில் இளம்பெண்களுக்கு ரத்தசோகை முகாம் நடந்தது. தொண்ணூற்று இரண்டு பேருக்கு விரலில் குத்தி எடுத்து, மெஷின் காட்டிய ஹீமோகுளோபின் எண்ணை அப்படியே தன் நீல அட்டை நோட்டில் எழுதினாள். பன்னிரண்டு இருந்தால் நல்லது. பத்துக்கு மேல் இருந்தால் மாத்திரையோடு ஓட்டிவிடலாம். ஏழுக்குக் கீழே போனால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியே தீர வேண்டும். அன்றைக்குப் பதினோரு பெண்கள் ஏழுக்குக் கீழே இருந்தார்கள். இதை மாவட்டக் கூட்டத்தில் வாசித்தால் தன் மானம் போய்விடும் என்று வட்டார சுகாதார அதிகாரிக்குக் கவலை வந்துவிட்டது. "எல்லாத்தையும் பத்துக்கு மேல போட்டு நல்ல காப்பி எழுதிருங்க" என்றார்.

"விரல்ல குத்துனது நான் சார். இருக்கிறதத்தான் எழுதுவேன்" என்று நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அமிர்தவல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நல்ல காப்பியை நர்ஸ் ஜெயராணி எழுதினாள். பெண்களுக்குக் கொடுக்கும் அட்டைகளையும் அவளே நிரப்பினாள். ஜெயராணி ஒப்பந்தத்தில் இருப்பவள். நாளை வரவேண்டாம் என்றால் அதோடு சரி. ஆவூர்ப் பக்கத்துக்காரி, வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறவள். அதனால் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அமிர்தவல்லி தன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மாவட்ட அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினாள். அந்த ஜெராக்ஸ் சுற்றிச் சுற்றி அதே அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவளுக்கு மெமோ வந்தது: மேலதிகாரியை மீறிச் செயல்பட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? திங்கட்கிழமைக்குள் விளக்கம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையத்துக்காரர்கள் எல்லாருமாக வேன் பிடித்து, திருச்சி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த குதூகலம் பார்க்குக்குக் கிளம்பினார்கள். வேனில் ஜெயராணி அமிர்தவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டைப் அடித்த தாளை அவள் மடியில் வைத்தாள்.

"நானே அடிச்சுக் கொண்டாந்துட்டேன்க்கா. தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கன்னு நாலு வரி. கையெழுத்து மட்டும் போடுங்க. ரிட்டையராக மூணு வருசம் இருக்கு. இந்த வயசுல எதுக்குக்கா மல்லுக்கட்டு?"

அமிர்தவல்லி படித்தாள். பிறகு அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "சாயங்காலம் போட்டுத் தாரேன்" என்றாள்.

ஆமாம், சொன்னாள். அலுத்துப்போயிருந்தாள். வெள்ளைச்சாமிக்குச் சர்க்கரை, பேத்திக்குப் பள்ளிக்கூடம், போதும்டா சாமி என்று ஒரு எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர்கூட, "இன்னிக்கு ஒரு நாளாச்சும் வாயத் தொறக்காம சிரிச்சுட்டு வா" என்றுதான் வழியனுப்பியிருந்தார். அவளும் சரி என்று தலையை ஆட்டியிருந்தாள்.

பார்க்கில் மற்றவர்கள் தண்ணீரில் குதிக்கப் போனார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேலை நனையாத இடமாகத் தேடிக்கொண்டு வந்தபோது அந்த மாளிகை எதிரே நின்றது. கறுப்பு வாசல், மேலே இரண்டு கோரைப்பல், பல்லிலிருந்து வழிகிற சிவப்பு. 'ரத்தக்காட்டேரி மாளிகை. நுழைந்தவர் வழி கண்டுபிடித்து வெளியேற வேண்டும். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் தவிர்க்கவும்.'

"ஒங்க வீடு வந்துருச்சுக்கா" என்றாள் ஜெயராணி.

"வா, நம்ம சனத்தப் பாத்துட்டு வருவோம்."

உள்ளே கும்மிருட்டு. பிளைவுட் தடுப்புகள் வைத்து அங்கிட்டும் இங்கிட்டும் வளைத்து வளைத்து வழி விட்டிருந்தார்கள். முக்கில் திரும்பினால் கண்ணாடி, கண்ணாடியைத் தாண்டினால் முட்டுச்சந்து. எங்கிருந்தோ ஓநாய் ஊளையிட்டது. கறுப்பு அங்கி போட்டவன் ஒருவன் சந்திலிருந்து பாய்ந்து வந்து பல்லைக் காட்டினான். ஜெயராணி "மாதாவே!" என்று கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு அமிர்தவல்லியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள். சிலுவையைப் பார்த்தால் காட்டேரி பயந்து ஓட வேண்டும் என்பது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் போலிருக்கிறது. அவனும் கையால் முகத்தை மூடிக்கொண்டு அலறியபடி பின்வாங்கினான். அமிர்தவல்லியோ சுவரில் வழிந்த ரத்தத்தை விரலால் தொட்டு உரசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தமாடி இது? இத்தன நேரம் காஞ்சா ரத்தம் கறுத்துப் போயிருக்க வேணாமா? பெயிண்ட வாரி ஊத்திருக்கானுக."

கடைசி அறையில் ஒரு சவப்பெட்டி. மங்கலான சிவப்பு விளக்கு. மூடி கிறீச்சென்று திறந்தது. வெள்ளைக் கவுன் போட்ட பெண்காட்டேரி எழுந்து உட்கார்ந்து, அமிர்தவல்லியின் மணிக்கட்டை லபக்கென்று பிடித்தாள். "உன் ரத்தம் எனக்கு வேண்டும்!" என்றாள்.

ஜெயராணி ஒரே ஓட்டம். அமிர்தவல்லி அசையவில்லை.

"என்னோடது ஓ பாசிட்டிவ். ஒன்னோடது என்ன?"

காட்டேரிக்கு அடுத்த வசனம் வரவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நாலு மாடி ஏறி வந்தவள்போல் தோள்கள் ஏறி இறங்கின. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் பச்சைத்தண்ணீராகச் சில்லிட்டிருந்தன.

"அம்மா, கொஞ்சம் பயப்படுங்கம்மா" என்றாள் மெதுவாக. "மேல கேமரா இருக்கு. சூப்பர்வைசர் பாத்துக்கிட்டே இருப்பாரு."

"பயம் கெடக்கட்டும். ஏன் இப்படி எளைக்குது?"

"பெட்டியில படுத்துப் படுத்து எந்திரிக்கணும்ல."

"பேரு என்ன?"

"மோகனப்ரியா."

அமிர்தவல்லி செல்போன் டார்ச்சை அடித்தாள். பெண்ணின் முகத்திலும் புறங்கையிலும் வெள்ளைப் பூச்சு. உள்ளங்கையைத் திருப்பினாள். அங்கே பூச்சில்லை, ஆனாலும் வெள்ளை. நகத்தை அமுக்கிவிட்டு எடுத்தாள், சிவப்பு திரும்பி வரவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் இமையைக் கீழே இழுத்தது. எந்த மேக்கப்காரனும் இமைக்கு உள்ளே வெள்ளை பூச முடியாது. உரித்த முள்ளங்கி மாதிரி இருந்தது.

"அடிப்பாவி மகளே" என்று அவளை அறியாமல் வாயில் வந்தது. "ஒடம்புல ரத்தமே இல்லையேடி. எறங்கு கீழ. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஐயோ, அதெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. முகாம்ல பாத்துட்டாங்க. அட்டைகூட வச்சிருக்கேன்."

அதற்குள் கதவு திறந்து சூப்பர்வைசர் வந்துவிட்டார். நிலவழகன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. "மேடம், அடுத்த குரூப் வெயிட்டிங். ஆர்டிஸ்ட்டத் தொடக் கூடாது."

"நீங்களே தொட்டுப் பாருங்க தம்பி. ஐஸ்கட்டி மாதிரி இருக்கா."

"அவங்க இயற்கையாவே அப்படித்தான் மேடம். மேக்கப்பே அதிகம் தேவைப்படலன்னுதான் இந்த ரோலுக்கு எடுத்தோம்" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார்.

அமிர்தவல்லிக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்காமல் வா என்று வீட்டுக்காரர் சொன்னது, தானும் தலையை ஆட்டியது எல்லாம் அந்த இடத்தோடு போயிற்று.

"சாகக் கெடக்கிறவளப் பொட்டியில படுக்கப் போட்டுட்டு டிக்கெட்டா விக்கிறீங்க? லைட்டப் போடுய்யா!"

"போட முடியாது மேடம், ஷோ..."

அவர் முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனாள். ஒயர் ஓடின வழியே போய், மெயின் சுவிட்சைக் கண்டுபிடித்து, மேலேயும் கீழேயுமாக இருந்த அத்தனையையும் தட்டினாள். மாளிகை முழுக்க டியூப்லைட் எரிந்தது. ஓநாய் பாதி ஊளையில் நின்றது. சந்துக்குச் சந்து நின்ற காட்டேரிகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வரிசையில் நின்றவர்கள், காசு கொடுத்துட்டு நிக்கிறோம், என்ன கூத்து இது என்று கத்தினார்கள். அமிர்தவல்லி கோரைப்பல் வாசலுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"ஒரு உசுரு போகப்போகுது. அதையும் பாக்கணும்னா வாங்க உள்ள! காசு வேணும்னா அங்கிட்டுப் போய்க் கேளுங்க!"

வரிசை அப்படியே டிக்கெட் கவுண்டர் பக்கம் திரும்பியது.

ஓட்டமாக ஓடிய ஜெயராணி இந்தச் சத்தம் கேட்டு, நான் நர்சு, வழி விடுங்க என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மோகனப்ரியா பெட்டியை விட்டு இறங்கி, தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். "பாருங்கக்கா, நீங்க நர்சுதானே? பத்து புள்ளி ரெண்டு போட்டிருக்கு. நல்லாருக்குன்னுதானே எழுதிக் குடுத்தாங்க? எனக்கு ஒண்ணும் இல்லன்னு இந்தம்மாட்ட சொல்லுங்கக்கா. வேல போயிரும்."

ஜெயராணி அட்டையை வாங்கினாள். வேப்பங்குடிப்பட்டி முகாம். வரிசை எண் நாற்பத்து மூன்று. பத்து புள்ளி இரண்டு. நீல மையில், குண்டு குண்டாக, அவளுடைய கையெழுத்து.

அவள் வாயைத் திறப்பதற்குள் மோகனப்ரியா முழங்கால் மடிந்து விழுந்தாள்.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். நிலவழகன் முகம் வெளுத்து, பார்க்கின் வண்டியையே எடுக்கச் சொன்னார். பின்சீட்டில் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அமிர்தவல்லி ஜெயராணியின் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று, அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. அவளுக்கு அதிகாரி மேல் இருந்த கோபத்தைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது. நாலரை மாதமாக அந்த நீல நோட்டு வீட்டு பீரோவில் இருந்தது. பதினோரு பெயர், பதினோரு எண். மேலே எழுதிப் போட்டாச்சு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டாள். ஸ்கூட்டியை எடுத்தால் வேப்பங்குடிப்பட்டி அரை மணி நேரம். பதினோரு கதவைத் தட்டுவதற்கு எந்த மெமோ தடுத்தது? இதில் மன்னிப்புக் கடிதம் வேறு, யாரிடமோ!

ஆஸ்பத்திரி நெருங்கியபோது, உள்ளே நுழைந்ததும் கொடுக்க ஒரு சீட்டு வேண்டும் என்று கைப்பையைத் துழாவினாள். கையில் அகப்பட்ட ஒரே தாள் அந்த மன்னிப்புக் கடிதம்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கைப்பை மேல் வைத்து எழுதினாள்: 'மோகனப்ரியா, வயது 22. கடுமையான ரத்தசோகை. மயக்கம், மூச்சிரைப்பு. ஜனவரியில் 7க்குக் கீழ். உடனே பார்க்கவும்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

பக்கத்திலிருந்த ஜெயராணி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பத்து புள்ளி ரெண்ட நான்தானேக்கா எழுதுனேன்" என்றாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

"அழுறத அப்புறம் வச்சுக்க. அந்தக் காலத் தூக்கிப் பிடி" என்றாள் அமிர்தவல்லி.

பெரியாஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். நாலு புள்ளி எட்டு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார் டியூட்டி டாக்டர். உடனே ரத்தம் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஏற்றின ரத்தத்துக்கு ஈடாக யாராவது கொடுத்தால் அடுத்தவர்களுக்கு உதவும் என்று ரத்த வங்கியில் சொன்னார்கள். அமிர்தவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தபோது வாசல் பக்கம் ஒரே சலசலப்பு. வாட்ச்மேன் "ஏய், நில்லுங்கப்பா! யாரு நீங்க?" என்று அலறிக்கொண்டிருந்தார்.

கறுப்பு அங்கியும் கோரைப்பல்லுமாக ஆறு காட்டேரிகள் வந்து நின்றன. பின்னாலேயே நிலவழகன்.

"எங்க கூட வேல பாக்குற பொண்ணும்மா" என்றான் செபமாலைக்குப் பயந்து ஓடினவன். "நாங்க ரத்தம் குடுக்கலாம்ல?"

ரத்த வங்கி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "குடுக்கலாம். மொதல்ல போய் மூஞ்சியக் கழுவிட்டு, பல்லக் கழட்டி வச்சுட்டு வாங்க. ஒங்க நெறம் என்னன்னே தெரியல."

ஆறு பேரும் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். அமிர்தவல்லி வரிசையாக ஒவ்வொருவர் இமையையும் இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பினாள். கடைசியில் நிலவழகனும் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றார். அவருடைய இமையையும் பார்த்தாள். "நல்லாருக்கு. போங்க" என்றாள். "அந்தப் பொண்ணு தெம்பாகித் திரும்பி வரும்போது வேல இருக்கணும். உக்காந்து பாக்குற வேல."

"டிக்கெட் கவுண்டர்ல போடுறேன் மேடம்."

"நான் வந்து பாப்பேன்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரியின் அறைக்கு அமிர்தவல்லியும் வரவில்லை, ஜெயராணியும் வரவில்லை. முதல் பஸ்ஸில் வேப்பங்குடிப்பட்டிக்குப் போயிருந்தார்கள். நீல நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மீதிப் பத்து வீட்டுக் கதவையும் தட்டினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஜெயராணி தானே முன்னால் நின்று, "இந்த அட்டையில இருக்கிறது பொய். நான் எழுதுனது. உண்மையான நம்பர் இந்த நோட்டுல இருக்கு" என்றாள். இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் அட்டையைக் கிழித்து மூஞ்சியில் எறிந்தார்கள். நின்று வாங்கிக்கொண்டாள். பத்துப் பெண்களையும் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு அலுவலகம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.

"என்ன மேடம், நேரங்கெட்ட நேரத்துல வாரீங்க?" என்றார் அதிகாரி. "மன்னிப்புக் கடிதம் எங்க?"

அமிர்தவல்லி ஒரு தாளை மேசையில் வைத்தாள். கையால் எழுதியது. அவர் படித்தார்.

'வேப்பங்குடிப்பட்டி முகாம், வரிசை எண் 43. என் நோட்டில் 6.4. தாங்கள் எழுதச் சொன்ன அட்டையில் 10.2. நேற்று பெரியாஸ்பத்திரியில் 4.8. இந்த மூன்றில் எந்த எண்ணுக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிவிக்கவும். நகல் மாவட்ட ஆட்சியருக்கு.'

கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே குண்டு எழுத்தில் இன்னொரு வரி: '10.2 என்று எழுதியது நான். இனி எழுத மாட்டேன். ஜெயராணி.'

அதிகாரி தாளைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். தண்ணீர் டம்ளரைத் தேடிய கை மேசையில் அலைந்தது. மின்விசிறி ஓடியும் நெற்றி வேர்த்து, முகம் சுண்ணாம்பாக வெளிறிப்போயிருந்தது.

அமிர்தவல்லி பார்த்தாள். பழகின கை, சும்மா இருக்குமா? மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒங்களுக்கும் ரொம்ப வெளுத்துப்போய்த்தான் இருக்கு சார். எங்க, கண்ணக் காட்டுங்க" என்றாள். "என்ன இருக்கோ, அத அப்படியே எழுதித் தாரேன்."